புதுப்பிப்பு: ஆம்புலன்ஸ் கோடிங் வேலையில் சேர்ந்துவிட்டேன்

நாகர்கோவிலில் அமெரிக்க ஆம்புலன்ஸ் சேவைகளுக்கான கோடிங் வேலை (ஒவ்வொரு பயணத்துக்கும் காப்பீட்டுக் கட்டணத்துக்கான குறியீடு போடுவது) கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

குறியீடுகள் கொஞ்சம்தான். அவசர அழைப்பில் அடிப்படைச் சிகிச்சை என்றால் ஏ0429, முதல்நிலை மேம்பட்ட சிகிச்சை என்றால் ஏ0427. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போனால் ஆர்ஹெச். மைல் கணக்குக்கு ஏ0425. அதுவும் நோயாளி வண்டியில் இருந்த தூரம் மட்டும்.

நான் திணறியது ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எழுதும் பயண அறிக்கையை வாசிப்பதில். ‘நடக்க முடியவில்லை’ என்ற ஒற்றை வரி போதாது. வேறு வண்டியில் ஏன் போக முடியாது என்பது அதில் தெரிய வேண்டும். உடற்கூறியலைத் திரும்பப் படி என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி, அதுதான் கைகொடுத்தது.

அப்புறம், இரவு ஷிஃப்ட். தக்கலைக்கு விடிந்த பிறகுதான் வந்து சேருகிறேன். அம்மாவுக்கு இன்னும் பழகவில்லை. எனக்கு வேலை பிடித்திருக்கிறது.