கத்திக்கு 500 டொலரா?

(கைபேசியில் வீட்டுக் குழு, ஞாயிறு பின்னேரம்)

தம்பி (கனடா, ஸ்காபரோ): எல்லாருக்கும் வணக்கம். நல்லூர்த் தேருக்கு ரிக்கெற் போட்டாச்சு. பெரியப்பாவின் பேனைக்கத்தி வில்லு உடைந்து கிடக்கு என்று மாமி சொன்னா. நல்ல மடிப்புக்கத்தி ஒன்று கொண்டுவரப் போகிறேன். இதைப் பாருங்கோ.

தம்பி (ஸ்காபரோ): [படம்]

மாமி: வடிவாய்த்தான் இருக்கு. என்ன விலை அப்பன்?

தம்பி (ஸ்காபரோ): 500 டொலருக்குக் கிட்ட வரும். அமெரிக்கன் டொலர்.

மாமி: முருகா!

சித்தப்பா: ஒன்றரை இலட்சம் ரூபாய்! அந்தக் காசுக்குத் தோட்டத்துக்கு நீரிறைக்கிற மெசினும் குழாயும் வாங்கலாமே ராசா.

தம்பி (ஸ்காபரோ): மெசினைப் பொக்கற்றில் வைக்க ஏலாதே சித்தப்பா. இது செபென்சா. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ் ரீவ் என்கிற கம்பனி செய்கிறது. பிடி முழுக்க ரைற்றேனியம். விரித்தால் பிடியின் ஒரு பக்கமே உள்ளுக்கு வளைந்து அலகின் பின்னால் நின்று பூட்டும். ஒரு மயிரிழை ஆட்டம் இராது.

நான்: ஆட்டம் இல்லாதது சரி. வெட்டுமா?

தம்பி (ஸ்காபரோ): அக்கா, உங்களுக்கு எப்பவும் பகிடிதான்.

நான்: பகிடி இல்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சீவ வேண்டும், வாழைநார் கிழிக்க வேண்டும், உரப்பை வாய் அறுக்க வேண்டும். பெரியப்பாவின் கத்திக்கு இங்கே உள்ள வேலை இவ்வளவுதான். இதை 500 டொலர்க் கத்தி எவ்வளவு கூடச் செய்யும் என்றுதான் கேட்கிறேன்.

மச்சான் (அறிவியல்நகர்): மச்சாள் கேட்டது நல்ல கேள்வி. நான் கொஞ்சம் நீட்டி எழுதட்டோ?

மாமி: சோதனைக்குப் படிக்கச் சொன்னால் ஒரு வரி எழுத மாட்டான்.

மச்சான் (அறிவியல்நகர்): அம்மா, பொறுங்கோ. விலை கூடும்போது முதலில் மாறுவது உருக்கு. இப்போது செபென்சாவில் வருவது மாக்னாகட். 2021இல் சந்தைக்கு வந்த உருக்கு. உருக்கின் கடினத்தை அளக்கிற ரொக்வெல் அளவில் 60க்கு மேல். சுவிஸ்காரரின் விக்டோரினொக்ஸ் கத்தி ஏறத்தாழ 56. கடினம் கூடினால் கூர் கனநாள் நிற்கும். மாக்னாகட் துருவும் லேசில் பிடிக்காது, எங்கள் உப்புக்காற்றுக்கு அது பெரிய விசயம். அதுவரைக்கும் தம்பி சொல்வது முழுக்கச் சரி.

தம்பி (ஸ்காபரோ): பார்த்தீங்களா!

மச்சான் (அறிவியல்நகர்): இன்னும் முடியவில்லை. அந்த உருக்குக்குள் வனேடியமும் காபனும் சேர்ந்த காபைட் என்கிற நுண்மணிகள் இருக்கு. சாதாரண சாணைக்கல்லில் இருக்கிற அலுமினியம் ஒக்சைட்டை விட அவை கடினமானவை. அந்தக் கல்லால் மணியைத் தேய்ப்பது கஷ்டம். ஒழுங்காகத் தீட்ட வைரத்தூள் பதித்த தட்டுத்தான் நல்லது. கூர் போன பிறகு பெரியப்பா என்ன செய்வார்? கிணற்றடிக் கல்லில்தான் தேய்ப்பார்.

பெரியப்பா: ஓம். வேறெங்கே தேய்க்கிறது?

சித்தப்பா: சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவர் இந்தக் கத்தியைக் கண்டால் ஒன்றரை இலட்சத்தைப் பொறி பறக்க உரசித் தந்துவிட்டுப் போவார். சூட்டில் கூர்ப்பக்கம் பதம் கெட்டுவிடும்.

நான்: இன்னொன்றும் இருக்கு. எவ்வளவு நல்ல உருக்கென்றாலும் அலகு தடிப்பென்றால் மாங்காய்க்குள் போகாது, ஆப்பு வைத்த மாதிரிப் பிளக்கும். தம்பி, உன் கத்தியின் அலகு என்ன தடிப்பு?

தம்பி (ஸ்காபரோ): முதுகுப் பக்கம் 3 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். கூரடியில் மெல்லியதுதான்.

நான்: பிரான்ஸ்காரரின் ஒபினெல் 2 மில்லிமீற்றர்கூட இராது. 1890இல் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. பழம் சீவ அதுக்கு ஈடு இல்லை. விலையும் இருபது டொலர் அளவில்தான். தடித்த கத்தி பெட்டி உடைக்க, தடி சீவ நல்லது. எங்களுக்குப் பெட்டி உடைக்கிற வேலை எங்கே இருக்கு?

சித்தப்பா: அப்படியென்றால் கோயில் கடையில் விற்கிற 600 ரூபாய்க் கத்தி போதுமே என்பீங்கள். அதுவும் பிழை. போன வருசம் ஒன்று வாங்கினேன். பூட்டு இல்லை, ஆணி தளர்ந்துபோச்சு. இளநிக் கண்ணைக் குத்தித் திறக்கப் போக அலகு மடங்கி விரலில் விழுந்தது. மூன்று தையல். மலிவுக்கும் ஒரு கணக்கு வேண்டும்.

மாமி: இளநியைப் பேனைக்கத்தியால் திறக்கிறவனுக்குத் தங்கக் கத்தி கொடுத்தாலும் தையல்தான்.

மச்சான் (அறிவியல்நகர்): சித்தப்பா, பூட்டு மலிவிலும் கிடைக்கும். ஒபினெலில் 1955இலிருந்து ஒரு வளையம் இருக்கு. திருப்பிவிட்டால் அலகு மடங்காது. ஆனால் எல்லாரும் சட்டைப்பையில் வைத்திருக்கிற அந்தச் சிவப்பு விக்டோரினொக்ஸ், 91 மில்லிமீற்றர், அதில் பூட்டு இல்லை. வில்லு மட்டும்தான் பிடித்து வைத்திருக்கும். பெரிய 111 மில்லிமீற்றர் போன்ற வகைகளில் பெரிய அலகுக்குப் பூட்டு இருக்கு.

சித்தப்பா: அப்ப ஒபினெல்தான். முடிந்தது கதை.

நான்: மாரி காலத்தில் அதன் மரப்பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும். கார்த்திகையில் விரிக்க நகம் உடையும். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். அதிலும் இருவகை இருக்கு. கறுக்கிற காபன் உருக்கு எங்கள் பக்கத்துக்குச் சரிவராது. மாங்காய் வெட்டித் துடைக்காமல் வைத்தால் விடியக் கறுத்திருக்கும். துருப்பிடிக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தம்பி (ஸ்காபரோ): எல்லாரும் வெட்டுவதைப் பற்றியே கதைக்கிறீங்கள். ஒரு நல்ல சாமானைக் கையில் வைத்திருக்கிற சந்தோசத்துக்கு விலை இல்லையா? நான் ஒன்று வைத்திருக்கிறேன். மடிக்கும்போது வருகிற அந்தச் சத்தம் ஒன்றே போதும்.

நான்: அதுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. உனக்கு ஆசையென்றால் வாங்கு, உன் உழைப்பு. சாமான் ஒழுங்காகச் செய்திருக்கு, யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் ஐம்பது டொலருக்கு மேலே போகிற காசு வெட்டுக்குப் போகிற காசு இல்லை. கைக்கும் கண்ணுக்கும் போகிறது. கை பெரியப்பாவின் கை என்றால் அவரைக் கேட்க வேண்டும்.

மாமி: அண்ணாவுக்கு அதைக் கொடுத்தால் அலுமாரியில் என்ரை கூறைச்சேலைக்குப் பக்கத்தில் பத்திரமாகக் கிடக்கும். மாம்பழத்துக்குப் பழையபடி குசினிக் கத்திதான் எடுப்பார்.

தம்பி (ஸ்காபரோ): பெரியப்பா, நீங்கள் சொல்லுங்கோ. என்ன வேணும்?

பெரியப்பா எழுதிக்கொண்டிருக்கிறார்…

சித்தப்பா: அண்ணை ரைப் பண்ணி முடிக்கத் தேர் இருப்புக்கு வந்துவிடும்.

பெரியப்பா: தம்பி, உன் மனசுக்குச் சந்தோசம். எனக்குக் கத்தி முக்கியமாய் வேண்டியது மாமரத்தில் ஒட்டுக் கட்ட. ஒட்டுக்கிளையின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவ வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரே இழுவை. இரண்டாவது இழுவை போனால் மேடு பள்ளம் வரும். தோலுக்குக் கீழே இருக்கிற பச்சைப் படை அடிமரத்தின் பச்சைப் படையோடு ஒட்டிக்கொள்ளாது. கறுத்துச் செத்துப் போகும். உடைந்துபோன கத்தி ஒருபக்கம் மட்டும் தீட்டினது. மற்றப் பக்கம் பலகை மாதிரி தட்டை. அதாலேதான் நேராகச் சீவும். இரண்டு பக்கமும் தீட்டின கத்தி தடிக்குள் தோண்டிக்கொண்டு போகும். நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தீட்டியிருக்கு.

மச்சான் (அறிவியல்நகர்): மாமா, இதை முதலே சொல்லியிருக்கலாமே!

பெரியப்பா: ஒருவரும் கேட்கவில்லையே.

மச்சான் (அறிவியல்நகர்): விக்டோரினொக்ஸே ஒட்டுக் கட்டவென்று தனியாகக் கத்தி செய்கிறது. 1884இல் தொடங்கி 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கொடுத்த அதே ஆட்கள்தான். தோலைக் கிளப்ப ஒரு நாக்கு வைத்த வகையும் இருக்கு. 500 டொலரின் பக்கத்திலும் வராது. கிணற்றடிக் கல்லில் தீட்டலாம்.

பெரியப்பா: ஒருபக்கம் தீட்டினதா என்று பார்த்து வாங்கச் சொல்லு. தட்டைப் பக்கத்தில் கல் படக்கூடாது.

தம்பி (ஸ்காபரோ): சரி, அதுவே கொண்டுவருகிறேன். மாமிக்கு மாம்பழம் சீவ துருப்பிடிக்காத ஒபினெல், எட்டாம் நம்பர் அளவு. மிச்சக் காசுக்கு?

சித்தப்பா: நீரிறைக்கிற மெசின்.

நான்: இரண்டு கத்தியையும் பெரிய பெட்டிக்குள் போடு. கைப்பைக்குள் வைத்தால் பியர்சன் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

மாமி: தரும்போது கையில் தராதே ராசா, மேசையில் வை, நாங்கள் எடுக்கிறோம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும்.

பெரியப்பா: வரும்போது ஒட்டுக் கட்டுகிற நாடாவும் இரண்டு சுருள் கொண்டுவா. இழுபடுகிற வகை.