ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுக்கலாமா?

மூன்றாம் டவுன் (செங்காங்):

அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் முடிந்த திங்கள் மதியத்திலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை ஓயவில்லை. ஸ்பெஷல் டீம்ஸ் என்றால் பந்தை உதைக்க, உதைத்த பந்தைப் பிடித்து ஓட, ஓடுபவனை மடக்க மட்டும் இறங்குகிறவர்கள். விவரம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

இந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுக்குச் சிலை வைக்கும் ஹால் ஆஃப் ஃபேம் ஒஹாயோ மாநிலம் கேன்டனில் திறந்தது 1963-இல். கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பதை மட்டுமே தொழிலாக வைத்திருந்த கிக்கர்களில் முதலில் உள்ளே போனவர் யான் ஸ்டெனருட், 1991-இல். பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் பண்டர் என்று ஒருவர், ரே கை, நுழைய 2014 ஆயிற்று. இன்னொரு கிக்கர் மார்ட்டன் ஆண்டர்சன் 2017. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் ரிட்டர்னராகவே பெயர் வாங்கிய டெவின் ஹெஸ்டர் 2024. நூற்றுக்கணக்கில் மார்பளவுச் சிலை நிற்கிற இடத்தில், இந்தப் பக்கம் ஒரு கோப்பிக்கடை மேசைக்குத்தான் ஆள் தேறும்.

ஆட்டத்துக்குப் பத்துத் தடவை வந்து போகிறவனுக்கு எதற்கு இந்த மரியாதை என்பது ஒரு கட்சி. அந்தப் பத்துத் தடவையில்தான் கோப்பையே கை மாறுகிறது என்பது இன்னொரு கட்சி. "பாவம், கொடுத்துவிடலாம்" என்ற பதில் வேண்டாம். கொடுப்பதானால் எதை அளந்து கொடுப்பது?

கோப்பி ஓ கோசோங்:

முதலில் புள்ளிக் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆண்டர்சன் 2,544, அவரைத் தாண்டிய ஆடம் வினாட்டியேரி 2,673. பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் எந்த அணியை எடுத்தாலும் புள்ளிப் பட்டியலில் பெரும்பாலும் கிக்கர்தான் மேலே இருப்பான், வேலை அப்படி. அந்த எண், ஆண்டர்சன் 25 சீசன், வினாட்டியேரி 24 சீசன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லும். எவ்வளவு நன்றாக உதைத்தார்கள் என்பதைச் சொல்லாது.

சதவீதத்தையும் காலத்தோடு சேர்த்துத்தான் படிக்கணும். ஸ்டெனருட் 558 ஃபீல்ட் கோல் முயற்சிக்கு 373, அதாவது 66.8. இன்றைக்கு ஒருவன் அந்த எண்ணோடு வந்தால் தீபாவளிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் லீக் சராசரியே 85-ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் அவர் 1967-இல் தொடங்கியபோது நிறையப் பேர் கால்விரல் நுனியால் நேராக உதைத்துக்கொண்டிருந்தார்கள். தரை சேறு. பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் எறிகிற ஸ்னாப் போடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் அபூர்வம். 1974-இல் கோல்கம்பத்தை, மைதானக் கோடியில் 10 யார்டு நீளும் எண்ட்ஸோனின் பின்கோட்டுக்குத் தள்ளியதும் அதே இடத்திலிருந்து அடிக்கும் உதை 10 யார்டு நீண்டுவிட்டது. வினாட்டியேரி 715-க்கு 599 போட்டது வேறு உலகத்தில்.

என் அளவுகோல் இதுதான்: அதே சீசனில், அதே தூரப் பிரிவில் மற்ற கிக்கர்கள் எத்தனை போட்டார்கள், இவன் எத்தனை போட்டான்? அந்த வித்தியாசத்தைச் சீசன் சீசனாகக் கூட்டுங்கள். 40 யார்டுக்கு மேல், கூரையில்லாத மைதானத்தில் என்று இன்னொரு முறை சலித்துப் பாருங்கள்.

காலாங்கில் ரக்பி செவன்ஸ் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே கன்வெர்ஷனுக்குத் தானே பந்தைக் கீழே போட்டு, தன் நேரத்துக்கு உதைக்கிறான். இங்கே ஸ்னாப்பிலிருந்து உதை வரை மொத்தம் சுமார் 1.3 வினாடி, மூன்று பேர் வேலை: பந்தைப் பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர், அதைத் தரையில் ஊன்றிப் பிடிக்கும் ஹோல்டர், உதைக்கும் கிக்கர். பந்து 28 யார்டு கோட்டில் இருந்தால், எண்ட்ஸோனுக்கு 10, பின்னால் ஹோல்டருக்கு 7, ஆக 45 யார்டு உதை. லாங் ஸ்னாப்பர் எப்போதும் ஒரே வேகத்தில், ஒரே எண்ணிக்கைச் சுழற்சியோடு போட்டால்தான் பந்து வந்து சேரும்போது லேஸ் (பந்தின் தையல்) முன்பக்கம் பார்க்கும். இல்லையென்றால் ஹோல்டர் ஒரு கையால் ஊன்றிக்கொண்டே மறு கையால் திருப்பணும். லேஸ் கிக்கரைப் பார்த்து நின்றால் கால் மேடு பள்ளத்தில் படும். பக்கவாட்டில் நின்றால் பந்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கம்பங்களுக்கு நடுவே 18 அடி 6 அங்குலம்தான், நம்ம வீவக கார்பார்க்கில் இரண்டு லாட்டை விடக் கொஞ்சம் அகலம். 2002 ஜனவரியில் ஃபாக்ஸ்பரோ பனியில் வினாட்டியேரி போட்டது இதே 45 யார்டு. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌலை முடித்தது 48 யார்டு.

பண்ட் பாலா:

கிக்கரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பண்டருக்கு ஆள் இல்லை, நான் பேசுகிறேன்.

ரே கை. பெயரில் கை, பிழைப்பு காலில். 1973-இல் அணிகள் புது ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில் ரெய்டர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே, 23-ஆவது ஆளாக எடுத்தது. 1,049 பண்ட், சராசரி 42.4. இன்னொரு பண்டர் ஷேன் லெக்லரின் சராசரி 47.6. லெக்லர் லீக்கின் நூற்றாண்டு அணியில் கையோடு சேர்த்தே தேர்வானவர். எண்ணை மட்டும் பார்த்தால் லெக்லர் கையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

ஆனால் சராசரி தூரம் என்பது பண்டருக்கு ஒரு பொறி. நடுக்கோட்டிலிருந்து உதைத்து எதிரணியை 8 யார்டில் முடக்கினால் கணக்கில் வருவது 42 யார்டுதான். அதையே முட்டாள்தனமாக எண்ட்ஸோனுக்குள் அடித்தால் 50 என்று ஏறும், ஆனால் டச்பேக்கில் பந்து 20-க்குத் திரும்பிவிடும். அதனால் நிகரத் தூரத்தைப் பாருங்கள்: அடித்த தூரத்தில் ரிட்டர்ன் ஓட்டத்தைக் கழிக்கணும், டச்பேக்குக்கு 20-ஐக் கழிக்கணும். 50 யார்டு தட்டையாக அடித்து 15 யார்டு ரிட்டர்ன் கொடுத்தால் நிகரம் 35. 44 யார்டு உயரமாக அடித்து ஃபேர் கேட்ச் (பிடிப்பவன் கையைத் தூக்கி, ஓடாமல் நின்று பிடிப்பது) வாங்கினால் நிகரம் 44. ஆளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் தட்டை உதைதான். பந்து கவரேஜை, அதாவது பிடிப்பவனை மடக்க ஓடும் ஆட்களை, முந்திக்கொண்டு போய்விடும், பிடிப்பவனுக்கு எதிரே 10 யார்டு காலி நிலம் கிடைக்கும்.

கையின் பெருமை அந்த உயரத்தில்தான். பந்து காற்றில் நிற்கும் நேரத்துக்கு ஹேங் டைம் என்ற சொல்லைச் சாதாரண ரசிகனின் வாயில் போட்டவரே அவர்தான் என்பேன். அவர் ஆடத் தொடங்கியபோது நிகரத்துக்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. அதனால் அவர் வழக்கு பார்த்தவர்களின் சாட்சியை நம்பியே நின்றது, அதுதான் இவ்வளவு காலம் இழுத்தது. லெக்லருக்கு எண் இருக்கிறது, இன்னும் கதவு திறக்கவில்லை. இதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

நாலாம் டவுன் நக்கீரர்:

நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் சொல்கிறேன், குற்றம் குற்றமே. நீங்கள் இரண்டு பேரும் "எவ்வளவு கஷ்டமான வேலை" என்று விளக்குகிறீர்கள். கஷ்டம் என்பது தகுதி ஆகாது. கேள்வி, யாருடைய இடத்தை எடுத்துக் கொடுப்பது என்பது.

ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்துத்தான் பெயர் வரும். கடைசி வட்டத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் 80 சதவீதம் சரி என்று சொல்லணும். 2025 தேர்விலிருந்து முறை இன்னும் இறுகிவிட்டது: கடைசி ஏழு பேரில் ஐந்து பேருக்குத்தான் ஒருவர் ஓட்டளிக்கலாம். அந்த வருடம் மொத்தமே நாலு பேர்தான் தேறினார்கள். முதல் வாய்ப்பில் வந்த வினாட்டியேரிக்கும் அந்தத் தடவை கிடைக்கவில்லை. கிக்கருக்கு விழும் ஓட்டு, ஆட்டத்துக்கு 60 ஸ்னாப், அதாவது 60 தடவை, முன்வரிசையில் மோதிய ஒரு லைன்மேனுக்கு விழாமல் போகும் ஓட்டு.

இன்னொன்று, கிக்கரின் சதவீதம் வருடத்துக்கு வருடம் ஊஞ்சல் ஆடும். ஒரு சீசனில் முயற்சியே 30 பக்கம்தான். அதில் மூன்று பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனால் 90 என்பது 80 ஆகிவிடும். இவ்வளவு சின்னக் கணக்கை வைத்து "காலத்தை வென்றவன்" என்று எப்படிச் சொல்வது? கோசோங் சொன்ன சலிப்பு முறை 20 சீசனுக்குச் சரி, 10 சீசன் ஆடியவனுக்கு அது பொய் சொல்லும்.

ஹெஸ்டர் வேறு விஷயம், அவரை நான் எதிர்க்கவில்லை. உதையைப் பிடித்து எண்ட்ஸோன் வரை ஓடிய 20 ரிட்டர்ன் டச்டவுன், அதில் சூப்பர் பௌலின் முதல் உதையையே 92 யார்டு ஓடிப் போட்டதும் ஒன்று.

வலது ஓரக் கன்னர்:

நக்கீரரே, ஸ்னாப் எண்ணிக்கையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாதாரண ஆட்டத்தில் ஒரு ஸ்னாப்புக்கு நகர்வது ஐந்தாறு யார்டு. ஒரு பண்டில் 40 யார்டும் பந்தின் உரிமையும் சேர்ந்து கை மாறுகின்றன. அதைத் தலைக்கு ஒன்று என்று எண்ணினால் வெள்ளியையும் தங்கத்தையும் ஒரே தராசில் எண்ணிக்கையாகப் போடுகிற மாதிரி.

ஹெஸ்டரிலும் நீங்கள் எண்ணாத பாதி இருக்கிறது. 2006, 2007 இரண்டு சீசனிலும் ஆறு ஆறு டச்டவுன் போட்ட பிறகு, பல அணிகள் அவர் பக்கம் உதைப்பதையே தவிர்த்தன. குட்டையாக உருட்டிவிட்டார்கள், பண்டைக் கோட்டுக்கு வெளியே அடித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்காஃபை வெளியே அடித்தால் பந்து 40 யார்டில் கிடைத்துவிடும், அதற்கும் துணிந்தார்கள். அப்படிக் கிடைத்த யார்டு ஒன்றுகூட அவர் பெயரில் ஏறவில்லை. இன்னொரு ரிட்டர்னர் பிரையன் மிட்செல் கிக்காஃப் 14,014, பண்ட் 4,999 யார்டு என்று மலை மாதிரிக் குவித்தும் வெளியே நிற்கிறார். பயம் கிளப்பியவன் உள்ளே, உழைத்துச் சேர்த்தவன் வெளியே. சரியா தவறா என்பது வேறு விவாதம்.

நான் வாதாட வந்தது ஸ்டீவ் டாஸ்கருக்காக. பஃபலோ பில்ஸ் அணி, லீக்கின் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்கு ஏழு தடவை, 1993 ப்ரோ பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருது, அதுவும் பண்டைத் துரத்தி ஓடிப் பிடிப்பவனை மடக்கும் கன்னராக. 1974 விதிப்படி, பண்டில் உதை விழும் முன், பந்து வைத்த கோட்டைத் தாண்டி ஓடலாம் என்ற அனுமதி இரு ஓரத்து ஆட்களுக்கு மட்டும்தான். கன்னர் வேலை பிறந்தது அங்கே.

கணக்கைப் பாருங்கள். ஸ்னாப்பிலிருந்து உதை வரை 2 வினாடி, காற்றில் 4.5. ஆக 6.5 வினாடி. யாரும் தொடாவிட்டால் 45 யார்டு ஓட நல்ல கன்னருக்கு ஐந்தரை வினாடி போதும். ஆகவே அவன் கையில் இருக்கும் மிச்சம் ஒரே வினாடி. அதைத் திருடத்தான் எதிரணி அவன் மேல் இரண்டு பேரை நிறுத்துகிறது. முதல் இரண்டு அடியில் அவர்கள் கை நெஞ்சில் பதிந்துவிட்டால் கதை முடிந்தது. ஓரத்துக்கு விலகித் தானாக ஓரக்கோட்டுக்கு வெளியே ஓடினால் அபராதக் கொடி விழும். வேகமாகப் போய்ச் சேர்ந்தாலும், ஃபேர் கேட்ச் கேட்டவனை இடித்தால் 15 யார்டு. சரியாகச் செய்தால் எதிராளி கையைத் தூக்கி ஃபேர் கேட்ச் கேட்பான். பதிவேட்டில் டாஸ்கர் பெயரே இருக்காது.

அளக்க வழி இல்லாமல் இல்லை. இவன் இறங்கிய பண்டுகளில் ஃபேர் கேட்ச் விகிதம், ரிட்டர்ன் சராசரி, எத்தனை தடவை இரண்டு பேரை இவனுக்கு ஒதுக்கினார்கள், இந்த மூன்றையும் படம் ஓட்டிப் பார்த்து எண்ணிவிடலாம். தேர்வுக்குழுவில் அதற்குப் பொறுமை உண்டா என்பதுதான் கேள்வி.

மூன்றாம் டவுன்:

நன்றி அண்ணே, குழுவில் ஒட்டிவிட்டேன், இப்போது இரண்டு கட்சி மூன்றாகிவிட்டது. பயிற்சியாளர், பழைய வீரர் மாதிரி இவர்களுக்கும் தனி வரிசை வைத்தால் என்ன? அப்படியானால் லாங் ஸ்னாப்பருக்கும் கொடுப்பீர்களா?

கோப்பி ஓ கோசோங்:

தனி வரிசை வேண்டவே வேண்டாம். வருடா வருடம் ஒருவரை நிரப்பியாகணும் என்ற கட்டாயம் வந்துவிடும், தரம் இறங்கும்.

லாங் ஸ்னாப்பருக்கு என் பதில் இல்லை. வேலை சின்னது என்பதால் அல்ல. இன்றைய தொழில்முறை ஸ்னாப்பர்களுக்குள் நல்லவன், மிக நல்லவன் இடையே வித்தியாசமே அளக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிட்டது. தெரிவது தவறும்போது மட்டும். 2003 ஜனவரியில் ஜயன்ட்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ் அணிகளின் ப்ளே-ஆஃப் (சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட் ஆட்டம்). 38–14 என்று முன்னால் இருந்த ஜயன்ட்ஸ் 39–38 என்று பின்தங்கி, கடைசி நொடிகளில் 41 யார்டு ஃபீல்ட் கோலுக்கு நின்றது. ஸ்னாப் தாழ்ந்துபோனது, உதையே நடக்கவில்லை. போட்டவர் 19 சீசன் அனுபவம் உள்ளவர், ஓய்விலிருந்து அந்த வாரம்தான் கூட்டிவந்தார்கள். ஹோல்டரோடு கை பழக நாலு நாள் போதாது.

பண்ட் பாலா:

நக்கீரருக்கு ஒரு சின்னத் திருத்தம். ஹெஸ்டரின் அந்த 92 யார்டு ஓட்டம் 20-இல் சேராது, ப்ளே-ஆஃப் தனிக் கணக்கு. 20 என்பது 14 பண்ட், 5 கிக்காஃப், தவறிய ஃபீல்ட் கோலைப் பிடித்து 108 யார்டு ஓடியது ஒன்று.

நாலாம் டவுன் நக்கீரர்:

ஒப்புக்கொண்டேன். லெக்லர் விஷயத்தில் மட்டும் இன்னும் ஒப்பவில்லை.