கருப்பராயன் பூச்சாட்டும் கார்த்தியின் ஆட்டோபைலட்டும்

குழு: தோட்டத்து வீடு (காங்கேயம்)

புதன், காலை 6:12

கார்த்தி (டல்லாஸ்): மாமா, எந்திரிச்சுட்டீங்களா? கடைக்காரங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாங்க. என்ற விமானத்துல இருக்கற பழைய ஆட்டோபைலட், நேவோமேட்டிக் 300ஏ-வைக் கழட்டிட்டுப் புதுசு போடறதுன்னு முடிவாயிருச்சு. கார்மின் ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட்டுக்கு ரெண்டு கடை கொட்டேஷன் போட்டிருக்கேன், பாருங்க

பெரியம்மா: பூச்சாட்டு இந்த வெள்ளியா அடுத்த வெள்ளியா? பூசாரி கேட்டு உட்டிருக்காரு

சூலூர் மாமா: மாப்ள, கொட்டேஷனை அப்பறம் பாக்கலாம். உன்ற பேனல்ல இப்ப என்னென்ன இருக்குது, அதைச் சொல்லு

கார்த்தி: செஸ்னா 172என், 1979 மாடல், 28 வோல்ட். சாய்வு காட்டற ஆட்டிட்யூட் மீட்டர் இடத்துல கார்மின் ஜி5 திரை ஒண்ணு. வழி காட்ட ஜிபிஎஸ் 175. திசை காட்டற டிஜி இன்னும் வாக்யூம் பம்புல ஓடற பழசுதானுங்க

சித்தப்பா (பீளமேடு): விலை?

அம்மா: எதுக்கு கண்ணு இது? உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே

சூலூர் மாமா: அம்மணி, மேகத்துக்குள்ள போய் மேப்பைப் பாக்கணும், ரேடியோவுல பேசணும். அந்த நேரத்துல இறக்கையை நேராப் பிடிக்க ஒரு கை வேணும். டிசம்பர்ல நீதான் பக்கத்துல உக்காரப் போறே

அம்மா: அப்பச் செரிங்கண்ணா

சூலூர் மாமா: மாப்ள, இதுல ரேட் வகை, ஆட்டிட்யூட் வகைன்னு ரெண்டு. ரேட் வகைக்கு, விமானம் எவ்வளவு வேகமாத் திரும்புதுன்னு காட்டற டர்ன் கோஆர்டினேட்டர்தான் கண்ணு மாதிரி. உன்ற பழசு, எஸ்-டெக் 30, 55எக்ஸ் எல்லாம் அந்த வழி. அதுக்குள்ள சுத்தற கைரோவோட பேரிங் தேய ஆரம்பிச்சா விமானம் அப்படியும் இப்படியும் அலையும். கைரோ நின்னா ஆட்டோபைலட்டும் நின்னுச்சு. ஆட்டிட்யூட் வகை, எத்தனை டிகிரி சாஞ்சிருக்குது, மூக்கு எத்தனை டிகிரி தூக்கியிருக்குதுங்கறதை நேரா வாங்கிக்கும். காத்து ஆட்டற நாள்ல வித்தியாசம் நல்லாத் தெரியும். ஜிஎஃப்சி 500, எஸ்-டெக் 3100 ரெண்டும் இந்த வகை. உங்கிட்ட ஏற்கெனவே ஜி5 இருக்கறதுனால 500 பக்கம்தான் கணக்கு ஒத்து வரும்

பெரியம்மா: தலைக்கட்டு வரி எவ்வளவு? போன தடவை பீளமேட்டுக்காரங்க பாக்கி

சித்தப்பா: குடுத்தாச்சுங்க. பொதுக் கிணத்து மோட்டார் கணக்குல கழிச்சுக்கச் சொன்னனே

பெரியம்மா: கிணறு வேற கோயில் வேற

நித்யா (பெங்களூரு): அப்பா, ரெண்டாவது கொட்டேஷன்ல ஜிஏடி 29பி இல்லை

சூலூர் மாமா: பார்த்தியா! மாப்ள, அது எதுக்காக விலை கம்மின்னு இப்பப் புரியுதா? முதல்ல சாமானை எண்ணு. ஜிஎம்சி 507 கண்ட்ரோல் பெட்டி ஒண்ணு. ஜிஎஸ்ஏ 28 சர்வோ, அதாவது கேபிளை இழுக்கற மோட்டார், ரோலுக்கு (இறக்கை சாயறதுக்கு) ஒண்ணு, பிட்ச்சுக்கு (மூக்கு ஏறி இறங்கறதுக்கு) ஒண்ணு. யோக்குல, அதாவது ஓட்டற கைப்பிடியில, ஆட்டோபைலட்டைக் கழட்டற சிவப்பு டிஸ்கனெக்ட் பட்டன். ஜிபிஎஸ் 175 சொல்ற பாதையை ஜி5 வாங்கிக்கறதுக்கு ஜிஏடி 29பி அடாப்டர். இந்த அடாப்டர் இல்லாம எல்பிவி அப்ரோச்சை (ஜிபிஎஸ் காட்டற வழியில ஓடுபாதைக்கு இறங்கறதை) ஆட்டோபைலட் புடிக்காது. பொருத்தி முடிச்ச பொறவு தெரிஞ்சா, பேனலை மறுக்கா பிரிக்கோணும், அந்தக் கூலி தனி

கார்த்தி: அதுல டிரிம் சர்வோவும் இல்லைங்க மாமா

நித்யா: மூக்கை அதே நிலையில நிறுத்தற டிரிம் சக்கரத்தைத் தானாச் சுத்தற மோட்டார்தானே, அது ஆப்ஷன். இல்லாட்டியும் ஓடும், மேல டிரிம் பண்ணு, கீழ டிரிம் பண்ணுன்னு திரையில காட்டும், நீங்க கையில சக்கரத்தைச் சுத்தணும் மச்சான்

பெரியம்மா: இவங்க ரெண்டு பேரும் அன்னைக்கே இப்படிப் பேசியிருந்தா

அம்மா: அக்கா

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: சர்வோ என்ன மோட்டாரு மச்சான்? ஏசியா?

சூலூர் மாமா: பிரஷ்லெஸ் டிசி. உள்ள ஒரு கிளட்ச் இருக்குது. ஆட்டோபைலட் போட்டாத்தான் பல்சக்கரம் கோத்துக்கும். அணைச்சா கழண்டுக்கும், கையில ஓட்டறப்ப இழுப்பு இருக்காது. ஏரோக்ரூஸ் 100-ன்னு இன்னொரு ஆட்டோபைலட் இருக்குது, அதுல ஸ்டெப்பர் மோட்டார்

சித்தப்பா: ஸ்டெப்பர்னா நின்ன எடத்துல நிக்கவும் கரண்ட் இழுக்குமே. சூடாகுமுங்க

சூலூர் மாமா: ஆமாங்க. ஆனா கட்டமைப்பு சுலபம், விலையும் கம்மி

கார்த்தி: அதையும் கேக்கணும்னு இருந்தேன். ஏரோக்ரூஸ் போட்டா மிச்சமாகுமே

சூலூர் மாமா: அது பழைய ட்ரூட்ராக் விஷன். 2019-ல பென்டிக்ஸ்கிங் வாங்கினாங்க. சென்சார் அதுக்குள்ளயே இருக்கறதுனால ஜி5 போனாலும் அது ஓடும். ஒத்தை ஜி5-ஐ நம்பி 500 போட்டா, ஜி5 போற அன்னைக்கு ஆட்டோபைலட்டும் போயிரும். இதை நீ ரோசனை பண்ணித்தான் ஆகோணும். ஜி5 பேட்டரி நாலு மணி நேரம் வரைக்கும் திரையைக் காப்பாத்தும், சர்வோவுக்கு அது கரண்ட் குடுக்காது. ஆல்டர்னேட்டர் போயி மெயின் பேட்டரியும் இறங்கிருச்சுன்னா கையிலதான். பாதி விமானத்தை ஏற்கெனவே கார்மின்ல கட்டியிருக்கறவனுக்கு 500 சரி. ஜி5-ஏ இல்லாதவன், நேராப் போனாப் போதும்ங்கறவன்னா ஏரோக்ரூஸையோ ட்ரையோவையோ பாக்கலாம்

சித்தப்பா: விலை கேட்டேன்

கார்த்தி: 500-ஐ 2017-ல அறிவிச்சப்ப 6,995 டாலர் சித்தப்பா, ஜி5-உம் கூலியும் சேராம. இப்ப இன்னும் எச்சு. கூலியே கிட்டத்தட்ட சாமான் அளவுக்கு வருது

சித்தப்பா: ரெண்டு போர்வெல் ஓட்டலாம்

நித்யா: இன்னொண்ணு. வாக்யூம் டிஜியை எடுத்துட்டு ரெண்டாவது ஜி5, கூட திசை பாக்க ஜிஎம்யூ 11 காந்தமானி

சூலூர் மாமா: அதைத்தான் சொல்ல வந்தேன். ஜிஎம்யூ எங்க வெக்கறாங்கன்னு கடையில கேளு. பக்கத்துல இரும்பு ஸ்குரூ, விளக்குக்குப் போற கரண்ட் வயர், அசையற இரும்புத் துண்டு எதுவும் ஆகாது. இறக்கையை மூடறதுக்கு முன்னாலயே ஸ்ட்ரோப், நேவ் லைட், பிட்டோ ஹீட் ஒவ்வொண்ணாப் போட்டுப் போட்டு அணைச்சு ஹெட்டிங் நகருதான்னு சோதிக்கச் சொல்லு. சோதனையில தேறலைன்னா எடத்தை மாத்த வேண்டி வரலாம்

அம்மா: டிரிம் சர்வோ போடாட்டி ஆபத்தா அண்ணா?

சூலூர் மாமா: ஆபத்துன்னு இல்லை. ஆனா போட்டா ஒரு பழக்கத்தை விடோணும், இல்லாட்டி அதுதான் ஆபத்து. மாப்ள, நல்லாக் கேட்டுக்க. ஆட்டோபைலட் ஓடறப்ப யோக்கைப் புடிச்சுத் தள்ளவோ இழுக்கவோ கூடாது. நீ முன்னால தள்ளுனா, அது மூக்கைத் தூக்கப் பாக்கும், டிரிம்மும் அதுக்குத் தகுந்த மாதிரி மேலயே ஓடிட்டே இருக்கும். பொறவு நீ பட்டனை அமுக்கற நிமிசம் மூக்கு சடார்னு மேல போகும். எதாச்சும் சந்தேகம் வந்தா யோக்கை கெட்டியாப் புடி, சிவப்புப் பட்டனை அமுக்கியே வெச்சிரு, சர்க்யூட் பிரேக்கரை இழு. பறக்கறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் தரையில இதைப் பண்ணிப் பாரு: ஆட்டோபைலட் போடு, கையில மீறித் திருப்பு, பட்டன்ல கழட்டு. இவ்வளவும் பண்ணுவேன்னா டிரிம் சர்வோவும் போடு. அப்ரோச்ல ஃப்ளாப் இறக்கறப்ப அதோட அருமை தெரியும்

கார்த்தி: பண்றேங்க மாமா

சூலூர் மாமா: அப்பறம் கேபிள். சர்வோவுல இருந்து கன்ட்ரோல் கேபிளுக்குப் போற பிரைடில் கேபிளோட இழுவிசையை டென்சியோமீட்டர் வெச்சு அளந்து பேப்பர்ல எழுதித் தரச் சொல்லு. தொளதொளன்னு இருந்தா விமானம் ஊஞ்சல் ஆடும். இறுக்கிட்டா யோக்கு கனக்கும். பிட்ச்ல மட்டும் மூக்கு ஏறி ஏறி இறங்குனா உயரத்தைக் கணக்குப் பண்ணக் காத்தழுத்தம் எடுக்கற ஸ்டாட்டிக் குழாய்ல கசிவு இருக்குதான்னு முதல்ல பாரு, சர்வோவைக் குத்தம் சொல்லாதே

நித்யா: எஸ்டிசி (எந்த மாடல்ல இதைப் போடலாம்ங்கற அனுமதி) மாடல் பட்டியல்ல வரிசை எண்ணையும் பார்த்துக்கச் சொல்லுங்கப்பா. மாத்தினதைப் பதியற 337 படிவம், எடைக் கணக்கு, ஃப்ளைட் மேனுவல் சப்ளிமென்ட் மூணும் கையில வாங்காம விமானத்தை எடுக்காதீங்க மச்சான்

சித்தப்பா: நம்மூர்ல போட முடியாதா? சூலூர்ல மச்சானே போட்டுருவாரு

நித்யா: இங்க பதிவான விமானம்னா அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ குடுத்த எஸ்டிசி மட்டும் போதாது சித்தப்பா, நம்ம நாட்டு விமானத்துறை டிஜிசிஏ ஒத்துக்கணும். அது அமெரிக்கப் பதிவு, அங்கயே முடியட்டும்

பெரியம்மா: பூச்சாட்டு???

சூலூர் மாமா: அடுத்த வெள்ளின்னுதான் நினைக்கறேங்க்கா. பெரிய வீட்ல கேட்டுச் சொல்றேன்

பெரியம்மா: கெடா?

சித்தப்பா: ஒண்ணு நான் தர்றேன். வரி பாக்கின்னு இனிமே குழுவுல போடக்கூடாது

பெரியம்மா: அதைக் கிணத்துக் கணக்குல எழுதிறாதீங்க

கார்த்தி: முதல் கடையில 500-உம் ஜிஏடி 29பி-யும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது ஜி5-க்கும் டிரிம் சர்வோவுக்கும் தனியா விலை கேட்டிருக்கேன். வந்தாச் சொல்றேங்க மாமா

அம்மா: டிரிம் போட்டுரு கண்ணு. காசு அப்பாகிட்டப் பேசறேன்

சித்தப்பா: மச்சான், அந்த ஸ்டெப்பரைப் பிரிச்ச படம் இருந்தா அனுப்புங்க