20 நைரா தாளில் இருந்த குயவர்

நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் பணிபுரிந்தபோது, 20 நைரா தாளின் பின்புறத்தில் பானை வனையும் பெண்ணைப் பல மாதங்கள் கவனிக்காமலே செலவழித்துக்கொண்டிருந்தேன். அவர் தம் ஊர்க்காரர் என்றும் பெயர் லாடி குவாலி என்றும் எங்கள் ஓட்டுநர் ஒருநாள் பெருமையோடு சொன்ன பிறகுதான், அந்நாட்டுப் பணத்தாளில் இடம்பெற்ற முதல் பெண் ஒரு குயவர் என்பதே எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டுநரே என்னைத் தங்கள் ஊரான குவாலிக்கு அழைத்துச் சென்றார்.

சக்கரம் சுற்ற, குயவர் அமர்ந்திருப்பதுதான் நாம் கண்டு பழகியது. அங்கே பானை அசையாமல் நின்றது. முதிய அம்மையார் ஒருவர் இடுப்பை வளைத்துக் குனிந்து, களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியபடி, அதைச் சுற்றிப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். சுரைக்குடுக்கை ஓட்டால் உட்புறத்தை வழித்து, ஈரத்துணியால் விளிம்பை நீவி, அரைமணி நேரத்துக்குள் அவர் எழுப்பிய பானையின் வயிற்றில் ஒரு கோணலைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்டுகள் இட்ட சிறு மரத்துண்டை ஈரமண்ணின்மேல் உருட்டியதும், கழுத்தைச் சுற்றி வரிவரியாகக் கோலம் விழுந்தது. சூளையும் கிடையாது, காய்ந்த பானைகளைத் திறந்த வெளியில் அடுக்கி, விறகும் புல்லும் மூடி எரிக்கிறார்கள்.

லாடி குவாலியும் இப்படித்தான் தம் அத்தையிடம் கற்றார். மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயர் நடத்திய அபுஜா மட்பாண்டப் பயிற்சி மையத்தில் அவர் 1954இல் சேர்ந்தார். (அன்றைய அபுஜா இன்றைய சுலேஜா, தலைநகருக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வேறு பெயர் சூட்டிக்கொண்ட ஊர் அது.) அங்கும் அவர் கையாலேயே வனைந்தார், ஆனால் பல்லியும் தேளும் கீறப்பட்ட அந்தப் பானைகள், கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சேற்றப்பட்டு, சூளையில் மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டன. அவற்றில் ஒன்றைப் பின்னர் லண்டனில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்டேன். அழகில் குறையில்லை, எனினும், பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் கசியாது, கசியாத பானை குளிரவைக்காது. உலகப் புகழ் தேடித்தந்த அந்தப் பளபளப்பு, பானையின் தொழிலைப் பறித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அவருடைய கைத்திறனை அருங்காட்சியகத்தில் வியக்கலாம். அதன் பயனை அறியக் குவாலியின் திண்ணைக்குத்தான் போக வேண்டும்.

அந்த அம்மையாரிடம் வாங்கிய சிறு தண்ணீர்ப் பானையை லுங்கிகளில் சுற்றி, மடியில் வைத்தே ஊருக்குக் கொண்டுவந்தேன். முதல் இரவு நிரப்பி வைத்ததில் அடியில் விரித்திருந்த செய்தித்தாள் முழுவதும் நனைந்துவிட, வழியில் விரிசல் விட்டிருக்கும் என்று என் மனைவி வருந்தினாள். காலையில் ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டு, அவள் ஒன்றும் சொல்லாமல் பானையின் அடியில் ஒரு தட்டை வைத்தாள்.