இரும்பு ஊக்கியில மெதேன்தான் வருது, ஆராவது வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில இருந்து எழுதுறன். இறுதியாண்டு ஆய்வு. காபனீரொட்சைட்டையும் ஐதரசனையும் சேர்த்து எதீன், புரொப்பீன் எடுக்கிறதுதான் நோக்கம்.

அலுமினாவில இரும்பு நைத்திரேற்றை ஊறவிட்டு, கொஞ்சம் பொற்றாசியம் சேர்த்து உலையில சுட்டெடுத்தன். எங்கட கிரவல் றோட்டுப் புழுதி மாதிரிச் செக்கச்செவேலெண்டு வந்தது. பார்க்கவே ஆசையா இருந்தது. 320 பாகையில ஓட்டி முடியக் குழாய்க்குள்ள கரி பிடிச்சு, குவாட்ஸ் பஞ்சும் கறுத்துப்போச்சு. வந்த ஐதரோகாபனில முக்கால்வாசி மெதேன்.

முதல் காபனோரொட்சைட்டு உண்டாகி, பிறகு இரும்புக் காபைட்டில சங்கிலி வளருது எண்டது விளங்குது. பொற்றாசியம் கூடினா மெதேன் குறையும், ஆனா கரி கூடும். எனக்கு ரெண்டும் சேர்ந்து வருது! எங்களிட்ட வளிமண்டல அமுக்கம் மட்டும்தான். அதுதான் காரணமோ, இல்லாட்டி பொற்றாசியம் சீராப் பரவேல்லையோ?

இன்னொண்டு. பிஷர்-துரொப்ஷ் முறையில (காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் ஊக்கியில சேர்த்து ஐதரோகாபன் எடுக்கிற முறை) ரெண்டு தொடக்கம் நாலு காபன் உள்ள பங்கு 58% அளவைத் தாண்டாது. 2016 இல சீனாவில நாக-குரோமிய ஒட்சைட்டோட சப்போ-34 எண்ட நுண்துளை உள்ள மூலக்கூற்றுச் சல்லடையைச் சேர்த்து, காபனோரொட்சைட்டிலயிருந்து வந்த ஐதரோகாபனில 80% சிறிய ஒலிபீன்களா (எதீன், புரொப்பீன் மாதிரி) எடுத்தவை. அதையும் செய்து பார்க்க விருப்பம். ஆரிட்டையும் சப்போ-34 அஞ்சு கிராம் இருந்தா உள்பெட்டியில சொல்லுங்கோ, வவுனியா எண்டாலும் நானே வந்து எடுக்கிறன்.