அம்மா வீடு, ஆரையம்பதி: குடும்பக் குழு

பெரியக்கா: அனைவருக்கும் வணக்கம். சித்திரை வருடப்பிறப்பு கழிந்ததும் பழைய வீட்டை உடைத்து, வைகாசியில் அத்திவாரம் போடுவதென்று முடிவாகிவிட்டது. நேற்று ஓர் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து இரண்டே நாளில் நிலத்தைத் துப்பரவாக்கித் தருவாராம். கூலி வேண்டாம், உடைபடும் பொருட்கள் எல்லாம் தனக்கு என்கிறார். உங்கள் எண்ணம் என்ன?

தங்கச்சி (டொரன்டோ): ஒரு சதமும் செலவில்லை என்றால் நல்லதுதானே அக்கா? வீடு கட்டவே காசு போதாமல் இருக்கிறது.

மாமா: மகள், கூலி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவருடைய கூலி அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாசல் நிலைகளும் யன்னல்களும் விலைகூடிய முதிரை மரம். மண்டபத்தின் தீராந்திகளும் முதிரைதான். இன்று முதிரையில் ஒரு நிலை செய்விக்க என்ன செலவாகும் என்று தச்சு வேலை செய்யும் ஓடாவியாரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒப்பந்தக்காரர் இதை அறியாதவர் அல்லர். முதல் நாள் ஆட்களை விட்டு மரத்தையெல்லாம் கழற்றி ஏற்றிய பிறகுதான் பெக்கோவை வளவுக்குள் இறக்குவார்.

நான்: மாமா சொல்வது சரி. இன்று காலை அங்கே போய், மேற்குச் சுவரில் பூச்சு விழுந்த இடத்தில் அலவாங்கு நுனியை வைத்து நெம்பினேன். சுண்ணாம்புச் சாந்து மாவாக உதிர்ந்து, கல் முனை உடையாமல் கையோடு வந்தது. பின்னால் சீமெந்தில் கட்டிய அறையில் அப்படி வராது. சாந்து விடாமல் கல்லே பிளக்கிறது. ஆகவே முன்பகுதியை ஆட்களைக் கொண்டு கையால் பிரிக்கலாம், பின்னறைக்கு மட்டும் பெக்கோ போதும்.

அத்தான்: எந்த ஒழுங்கில் கழற்றுவது என்பதையும் இப்போதே பேசிவிடுவோம். சென்ற வருடம் அயல் வளவில் நிலையை முதலில் இழுத்துவிட்டார்கள், மேற்சுவர் அப்படியே இறங்கிவிட்டது. நல்லவேளையாகக் கீழே ஆள் இல்லை.

மாமா: நிலையின் மேற்கட்டை இரு புறமும் சுவருக்குள் ஒரு சாண் அளவு புதைந்திருக்கும். அவசரக்காரன் அந்த முனைகளை வாளால் அறுத்து எடுப்பான். பிறகு அந்த நிலையைப் புது வீட்டில் இறுக்கமாக நிறுத்த முடியாது. மேலிருந்து சுவரைப் பிரித்து வந்து, மேற்கட்டை வெளியே தெரிந்த பிறகே நிலையில் கை வைக்க வேண்டும். ஓட்டையும் முகட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் பாரம் சாய்ந்துவிடும். இறக்கிய ஓடுகளைக் கிடையாக அடுக்காமல் நிறுத்தி அடுக்கினால் அடியில் உள்ளவை வெடிக்கா.

நான்: எல்லாவற்றுக்கும் முன்னர் மின்சார சபைக்கு எழுதிக் கொடுத்து, கம்பத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைப்பது போதாது, மானி வரைக்கும் உயிர் இருக்கும். சலாகைகளில் உள்ள ஆணிகளை அன்றன்றே பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆணி இருக்கும் மரத்தை மர ஆலையில் வாளுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

தங்கச்சி (டொரன்டோ): குசினிக்கு மேலே உள்ள அஸ்பெஸ்டஸ் கூரையை என்ன செய்யப் போகிறீர்கள்? அதை உடைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

மாமா: 1978 நவம்பர் சூறாவளியில் குசினியின் ஓடு பறந்த பிறகு போட்ட கூரை அது. அந்தக் காலத்தில் இந்த ஆபத்தை யார் அறிந்தார்கள்?

நான்: முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைத் தளர்த்தி, தகட்டை முழுதாக இறக்குவோம். வாள், சுத்தியல் எதுவும் அதில் படக்கூடாது. ஆட்டுக்கொட்டிலுக்குத் தரும்படி இரண்டு பேர் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையில் கேட்கும் வரை தடித்த பொலித்தீனில் சுற்றி வளவின் மூலையில் வைப்போம்.

பெரியக்கா: கல்லும் மண்ணுமாக மிஞ்சுவதை என்ன செய்வது? ஏற்றி வெளியே கொட்ட உழவு இயந்திரப் பெட்டிக்கும் காசு வேண்டுமே.

அத்தான்: வெளியே கொட்டுவதற்கு அது குப்பையா? 2011 தை மாத வெள்ளம் விறாந்தைப் படியைத் தொட்டது. புதுத் தளத்தை இரண்டு அடி உயர்த்துவதென்றுதானே திட்டம். மரத்துண்டு, வேர் ஒன்றும் கலக்காமல் உடைகல்லைத் தளத்துக்குள் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினால், கிரவல் மண் வாங்கும் செலவில் ஒரு பங்கு குறையும்.

மாமா: மூத்தவளே, இந்த வீடு உன் அம்மாவுக்கு ஆச்சி சீதனமாகக் கொடுத்தது, அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது. பெண்பிள்ளை வழியாக வந்த வீட்டுக்கு நாங்கள் யோசனைதான் சொல்லலாம், முடிவு உன்னுடையது.

பெரியக்கா: அப்படியானால் ஒப்பந்தக்காரரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுகிறேன். முன் வாசல் நிலை புது வீட்டிலும் முன் வாசலுக்கே நிற்க வேண்டும், மற்ற மரத்தை ஓடாவியார் பார்த்துப் பிரிக்கட்டும். தம்பி, கிணற்றுக்குள் கல் விழாமல் மூட ஏதாவது ஒழுங்கு செய்.

நான்: குசினிக் கதவைப் போடுகிறேன் அக்கா. அதன் அடிப்பாதியைக் கறையான் தின்றுவிட்டது, வேறு எதற்கும் உதவாது.