14 வயது மகளுக்கும் 6 வயது மகனுக்கும் ஒரே அறை: எப்படி அமைப்பது?

செம்பூர் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். சொந்த வீடு, இரண்டு படுக்கையறை. இவ்வளவு நாளும் மகன் எங்களோடு தூங்கினான், மகள் கூடத்தில் திவானில் படுத்தாள். இப்போது சாமான் போட்டு வைத்திருந்த இரண்டாவது அறையைக் காலி செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம்.

அறை 11 அடிக்கு 9 அடி. மேல்தளம் 9 அடி உயரம், நடுவில் மின்விசிறி. கிழக்கே குறுகிய சுவரில் ஜன்னல். கதவு தெற்குச் சுவரில், மேற்கு மூலையை ஒட்டி இருக்கிறது. அதே தெற்குச் சுவரின் மீதிப் பகுதிக்கு மறுபக்கம் குளியலறை. மழைக்காலம் வந்தால் அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

மகளுக்கு நான்கு சுவரும் கருநீலம் வேண்டும், சரவிளக்கு வேண்டும். மகனுக்குச் சிவப்பு டபுள் டெக்கர் பஸ் என்றால் உயிர். பஸ் வடிவத்தில் செய்த அடுக்குக் கட்டிலை ஒரு கடையில் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. என் கணவரோ, "இரண்டு கட்டில், ஒரு பீரோ, அவ்வளவுதான். நாலு வருடத்தில் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள், எதற்கு இத்தனை செலவு?" என்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மகள் உடை மாற்றக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். தோழியோடு பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருகிறாள். இந்த வயதில் தனக்கென்று ஒரு மூலைகூட இல்லாமல் ஒரு பெண் வளரக் கூடாது என்று நினைக்கிறேன். அடுக்குக் கட்டில் போடலாமா? கருநீலம் அடித்தால் அறை இருண்டுவிடுமா? ஈரச் சுவரை வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா? தீபாவளிக்குள் முடிக்க நினைக்கிறோம். செலவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது.

ஜோகேஷ்வரி மரவேலை எழுதியது:

சகோதரி, நான் ஓஷிவாராவில் கட்டில், அலமாரி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். பஸ் கட்டில், கார் கட்டில், இளவரசி கட்டில் எல்லாம் என்னிடமும் கேட்கிறார்கள். ஆனாலும் உங்கள் அறைக்கு அடுக்குக் கட்டில் வேண்டவே வேண்டாம். காரணம் உங்கள் மின்விசிறி.

கணக்கைப் பாருங்கள். தளம் 9 அடி. விசிறி தண்டோடு சேர்ந்து ஓரடி கீழே தொங்கும், ஆக இறக்கை 8 அடியில் சுற்றுகிறது. மேல் கட்டிலின் பலகை 5 அடி உயரம், மெத்தை இன்னும் 5 அங்குலம். அதன்மேல் 14 வயதுப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை ஏறக்குறைய இறக்கையின் மட்டத்துக்கு வந்துவிடும். நம் வீடுகளில் இருக்கும் விசிறி பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 4 அடி வட்டம். 9 அடி அகலத்துக்கு நடுவில் அது சுற்றும்போது இறக்கை நுனி சுவரிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. கட்டிலின் அகலமோ 3 அடி. அரை அடி கட்டிலுக்கு மேலேயே சுற்றுகிறது! தூக்கக் கலக்கத்தில் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் என்ன ஆகும்? கடைக்காரர் கட்டிலை மட்டும் காட்டுவார், உங்கள் வீட்டு விசிறியை அவர் பார்த்ததில்லை. விசிறியைக் கழற்றிச் சுவரில் மாட்டும் விசிறி வைக்க முடிந்தவர்கள் மட்டும் அடுக்குக் கட்டிலை யோசிக்கலாம். அப்போதும் 6 வயது நிரம்பாத பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது. தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது நிற்க வேண்டும். தடிமனான மெத்தையை வாங்கிப் போட்டுத் தடுப்பையே மூழ்கடித்துவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அறைக்கு நான் சொல்வது இது. மேற்குச் சுவரை ஒட்டி, வடக்கு மூலையிலிருந்து, மகனுக்கு ஒரு 6 அடிக் கட்டில். கதவு திறந்து சாய 3 அடி மிச்சம் இருக்கும். மகளுக்கு வடக்குச் சுவரை ஒட்டி, ஜன்னல் பக்க மூலையிலிருந்து இன்னொரு கட்டில். இரண்டு கட்டிலுக்கும் நடுவே இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக இடம் கிடைக்கும். அதில் ஓரடி ஆழம், 5 அடி உயரத்தில் ஒரு தடுப்பு அலமாரி நிறுத்துங்கள். மேலிரண்டு தட்டு மகள் பக்கம் திறந்தும் மகன் பக்கம் மூடியும் இருக்கட்டும், கீழ்த்தட்டுகள் மகன் பக்கம் திறக்கட்டும். அவன் பக்கத்துப் பலகைக்குச் சிவப்பு சன்மைக்கா ஒட்டி, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு வரிசை ஜன்னல் வரைந்தால் அவன் கேட்ட டபுள் டெக்கர் வந்துவிட்டது. பத்து வயதில் அவனுக்குக் கிரிக்கெட் பித்துப் பிடித்தால் ஒரு பலகையின் சன்மைக்காவை மாற்றினால் போதும், கட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அலமாரியை மறக்காமல் சுவரோடு இரும்புக் கோணத்தால் திருகி முடுக்குங்கள். பையன்கள் தட்டைப் படியாக நினைத்து ஏறுவார்கள். பீரோவுக்கும் இதுவே.

ஜன்னலுக்குக் கீழே, மகள் கட்டில் போக மீதி 6 அடி இருக்கிறது. நீளமான ஒரே மேசை போட்டால் இருவரும் படிக்கலாம்.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 303 என்ற எண்ணும் பலகையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இரண்டு தரம் உண்டு. எம்ஆர் என்பது காற்றின் ஈரப்பதம் தாங்கும், பிடபிள்யூஆர் என்பது கொதிநீரும் தாங்கும். மும்பை மழைக்கு இரண்டாவதையே வாங்குங்கள். பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு குறைவாக உள்ள ஈ1 பலகையைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் இரவு முழுக்க மூடிய அறையில் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கப் போகிறார்கள். செலவை வேறு எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

வால்பேப்பர் பற்றிக் கேட்டீர்கள். ஈரச் சுவரில் ஒட்டினால் காகிதத்துக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். வெளியே ரோஜாப்பூ தெரியும், உள்ளே கறுப்பாகப் படரும், பிள்ளைக்கு இருமல் நிற்காது. முதலில் குளியலறை டைல்ஸ் இணைப்புகளையும் குழாயையும் சரிசெய்யுங்கள். பிறகு சுவரில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அது காயாமல் சுவருக்குப் பட்டி பார்க்க விடாதீர்கள், தீபாவளி தள்ளிப்போனாலும் சரி.

இன்னொன்று, கட்டடம் பழையது என்கிறீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஜன்னல் சட்டத்திலும் கதவிலும் அதற்கு முந்தைய எண்ணெய் பெயிண்ட் இருக்கலாம். அதை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கச் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முலுண்ட் மாணவி எழுதியது:

ஆன்ட்டி, நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கும் தம்பிக்கும் ஒரே அறைதான், உங்கள் அறையைவிடச் சிறியது. மேலே மாமா சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது: திரை. மகள் கட்டிலைச் சுற்றி மேல்தளத்தில் திரை ஓடும் தண்டவாளம் ஒன்று பொருத்தி, தரைவரை தொங்குகிற திரை போடுங்கள். விசிறி சுற்றும் இடத்தைத் தவிர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். என் அம்மா இதைச் செய்து கொடுத்த பிறகுதான் எனக்கு அந்த அறை என்னுடையது என்று தோன்றியது. திரை மூடியிருந்தால் தம்பி குரல் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அப்பாவே அவனிடம் சொன்னார். இந்த விதியைப் பெரியவர்கள் சொன்னால்தான் நிற்கும், அக்கா சொன்னால் நிற்காது.

பிறகு பூட்டும் ஓர் இழுப்பறை, சாவி அவளிடம். அதில் பெரிய ரகசியம் எதுவும் இருக்கப்போவதில்லை, சானிட்டரி நாப்கின், டைரி, தோழி கொடுத்த வாழ்த்து அட்டை இவைதான். தம்பி அதையெல்லாம் இழுத்து வந்து விருந்தினர் முன்னால் போடும்போது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று அம்மாக்களுக்குச் சொல்லிப் புரியவைக்கவே முடியவில்லை. தலைமாட்டில் ஒரு பிளக் பாயின்டும் முழு உயரக் கண்ணாடியும் இருந்தால் நன்றாக இருக்கும்.

கருநீலத்தை மறுக்காதீர்கள் ஆன்ட்டி. அவள் கட்டில் ஒட்டியிருக்கும் வடக்குச் சுவருக்கு மட்டும் அடிக்கலாம். மற்றவை வெளிர் நிறமாக இருந்தால் ஜன்னல் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். ஜன்னல் இருக்கும் சுவருக்கு அடர் நிறம் வேண்டாம், பகலில் கண் கூசும், எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. தயவுசெய்து உலக வரைபடமும் தனிம அட்டவணையும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். நாள் முழுக்கப் பள்ளியில் அதைத்தான் பார்க்கிறோம்.

டோம்பிவிலி அக்கா எழுதியது:

நாங்கள் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், சுவரில் ஓட்டை போட உரிமையாளர் விடமாட்டார். திரைக்கு, இரண்டு சுவருக்கு நடுவே திருகி நிறுத்துகிற கம்பி கிடைக்கிறது, அதுதான் போட்டிருக்கிறோம். திரைத்துணிக்குக் கடை கடையாக அலையாமல் என் பழைய மதுரைச் சுங்குடிச் சேலைகளையே தைத்துவிட்டேன். பருத்தி, காற்று வரும், வாரம் ஒருமுறை துவைத்துப் போடலாம்.

மகனுக்கு ஒரு யோசனை. என் பையன் சுவரில் கிறுக்குகிறான் என்று ஹார்ட்போர்டு பலகை ஒன்றை வாங்கிக் காவி பூசிக் கொடுத்தேன். பால்கர், தானே பக்கத்து வார்லி பழங்குடி மக்கள் மண் சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வரைகிறார்களே, அதைப் போல. ஜிவ்யா சோமா மாஷே அந்தக் கலைக்காகவே 2011-இல் பத்மஸ்ரீ வாங்கினார். முக்கோணம் இரண்டைச் சேர்த்தால் மனிதன், வட்டம் போட்டால் தலை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வெகு சுலபம். மாக்கோலத்துக்குக் கரைத்த மாவில் மிஞ்சியதை விரலால் தொட்டுத் தொட்டு, மூங்கில் குச்சியால் இழுத்து, என் மகன் டோம்பிவிலி ஸ்டேஷனையே வரைந்துவிட்டான்: தண்டவாளம், பாலம், ரயில் கதவில் தொங்கும் ஆட்கள். பலகை அவனுடையது என்பதால் வீடு மாறினாலும் கூடவே வரும்.

சரவிளக்கு வாங்கினால் யுஎஸ்பியில் எரிகிற 5 வோல்ட் வகையாக வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக எரிகிற மலிவுச் சரத்தைத் துணித் திரைக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். மும்பையில் மின்சாமான் கடைகள் நிறைந்த லோஹார் சாலில் எல்லா வகையும் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

செம்பூர் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. விசிறிக் கணக்கை என் கணவரிடம் காட்டினேன். அவரே ஏணி போட்டு ஏறி அளந்துவிட்டு, "பஸ் கட்டில் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். தடுப்பு அலமாரி பஸ்ஸாக மாறும் என்றதும் மகனும் சமாதானமாகிவிட்டான். எந்த வழித்தட எண்ணை எழுத வேண்டும் என்றுதான் இப்போது யோசனை.

முலுண்ட் மாணவி எழுதியதை மகளையே படிக்கச் சொன்னேன். பூட்டும் இழுப்பறை என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அது நிச்சயம் வரும். வடக்குச் சுவருக்கு மட்டும் கருநீலம் என்பதற்கும் ஒப்புக்கொண்டாள். குளியலறை வேலைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. பிளாஸ்டிக் தாள் சோதனை முடியும்வரை பெயிண்டரை அழைக்கப் போவதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். மகள் தன் தலைமாட்டுக்கு மேலே புத்தகத்துக்கு ஒரு தட்டு கேட்கிறாள். அடிக்கலாமா? மேசைக்கும் கட்டிலுக்கும் எந்த மாதிரி பல்பு போடுவது?

ஜோகேஷ்வரி மரவேலை எழுதியது:

தலைக்கு மேல் கனமான எதுவும் வேண்டாம் சகோதரி. பழைய கட்டடத்துச் சுண்ணாம்புப் பூச்சில் திருகு நாளடைவில் தளர்ந்துவிடும். அதே வடக்குச் சுவரில் கால்மாட்டுப் பக்கமாக, 5 அடி உயரத்தில், 8 அங்குல ஆழத்துக்கு அடிக்கலாம். செங்கல்வரை இறங்குகிற நீளத் திருகு போடச் சொல்லுங்கள். புத்தகம் அதிகமென்றால் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த இழுப்பறை இரண்டு செய்யலாம், பாய், தலையணையும் அதிலேயே அடங்கும்.

மேசைக்கு 4000 கெல்வின் (பல்பு ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெளிச்சம், வலக்கைப் பழக்கம் என்றால் விளக்கு இடப்பக்கம். கட்டிலுக்கு 2700 கெல்வின், மஞ்சள் ஒளி. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வையுங்கள், மகளின் சுவிட்ச் திரைக்கு உள்பக்கம் இருக்கட்டும். தம்பி தூங்கிய பிறகும் அவள் படிப்பாள். பெயிண்ட் அடிக்கும் முன்பே எலக்ட்ரீஷியனை வரவழைத்து வயர் இழுத்துவிடுங்கள். அப்புறம் என்றால் புதுச் சுவரைக் கொத்த வேண்டி வரும்.